கம்பியில்லா அட்டை ஏன் பேசவில்லை?

மேசைமீது கணிப்பொறி இருக்கிறது. அதில் லினக்ஸ் என்னும் இயக்க அமைப்பை நீங்களே நிறுவியிருக்கிறீர்கள். திரை ஒளிர்கிறது, சுட்டி நகர்கிறது. ஆனால் இணையம் மட்டும் வரவில்லை. அதே அறையில் அப்பாவின் கைப்பேசிக்கு வைஃபை நன்றாகவே கிடைக்கிறது. "அட்டை போய்விட்டது தம்பி, புதிதாக ஒன்று வாங்கிப் போடு" என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். மாணவ நண்பர்களே, உண்டியலை உடைக்குமுன் சற்றுப் பொறுங்கள்! பழுதே இல்லாத அட்டையும் இப்படிக் குப்பைக்குப் போவதுண்டு.

கம்பியில்லா வலை அட்டை என்பது என்ன? அது ஒரு சின்னஞ்சிறு வானொலி நிலையம். செய்தியை அனுப்பவும் செய்யும், வாங்கவும் செய்யும். அது பயன்படுத்தும் அலைகளில் ஒரு வகை நொடிக்கு ஏறத்தாழ 240 கோடி முறை அதிர்கிறது. ஒளியின் வேகம் நொடிக்கு 30 கோடி மீட்டர். ஒன்றை மற்றொன்றால் வகுத்துப் பாருங்கள்; அலைநீளம் 12.5 சென்டிமீட்டர் என்று வரும். உங்கள் அளவுகோலில் பாதிக்கும் குறைவு! ரூட்டர் அனுப்பும் ஆற்றல் ஏறத்தாழ 100 மில்லிவாட். இரண்டு மூன்று சுவர்களைத் தாண்டி அட்டைக்கு வந்து சேரும்போது அது நூறு கோடியில் ஒரு பங்காகக் குறைந்திருக்கலாம். அவ்வளவு மெல்லிய குரலையும் கேட்டுப் பொருள் கொள்கிறது அந்த அட்டை.

இந்தக் குரல் திரைக்கு வந்து சேரும் வழி நீண்டது. ஆன்டெனா, சில்லு, சில்லை இயக்கும் நிரல், கெர்னலுக்குள் இருக்கும் டிரைவர், கடவுச்சொல், முகவரி என்று பல கண்ணிகள் கொண்ட சங்கிலி அது. எந்தக் கண்ணி அறுந்தாலும் திரையில் தெரிவது ஒன்றுதான்: "இணைப்பு இல்லை." காய்ச்சல் என்று மட்டும் சொன்னால் மருத்துவருக்கு என்ன நோய் என்று தெரியுமா? அதுபோலத்தான் இதுவும். எனவே அடியிலிருந்து தொடங்கி ஒவ்வொரு கண்ணியாகத் தொட்டுப் பார்ப்போம்.

நல்ல வேளையாக, யூனிக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த அமைப்புகள் தமக்குள் நடப்பதை மறைப்பதில்லை. 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் உருவாக்கத் தொடங்கியது யூனிக்ஸ். அதைப் பின்பற்றி 1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டார்வால்ட்ஸ் எழுதியது லினக்ஸ். கேட்கத் தெரிந்தால் இவை பதில் சொல்லும். கேட்பதற்கான சாளரத்திற்கு டெர்மினல் என்று பெயர். கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழில் தருகிறேன். நீங்கள் தட்டும்போது சிறிய ஆங்கில எழுத்துகளில், இடைக்கோடின்றித் தட்டுங்கள்.

கட்டளைக்கு முன் கண்ணைப் பயன்படுத்துவோம். மேசைக் கணிப்பொறிப் பெட்டியின் பின்புறம் எட்டிப் பாருங்கள். அட்டையின் ஆன்டெனாக்கள் திருகப்பட்டிருக்கின்றனவா? பல அட்டைகளில் அவை தனியே பிளாஸ்டிக் உறையில் வரும். அந்த உறை அட்டைப்பெட்டிக்குள்ளேயே தங்கிவிடும்! ஆன்டெனா இருந்தாலும் அது இரும்புப் பெட்டிக்கும் சுவருக்கும் இடையே, மேசைக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. உலோகம் இந்த அலைகளைத் தடுத்துவிடும். பெட்டியைக் கொஞ்சம் திருப்பி வைத்தாலே சில வீடுகளில் குறை தீர்ந்துவிடும்.

அடுத்து, அட்டை பொருத்தப்பட்டிருப்பதைக் கணிப்பொறி அறிந்திருக்கிறதா? 'எல்-எஸ்-பி-சி-ஐ' என்ற கட்டளையைக் கொடுங்கள். அதன் பின் இடைவெளி விட்டு ஒரு கோடும், இரண்டு 'என்', ஒரு 'கே' ஆகிய எழுத்துகளும் சேருங்கள். உள்ளே செருகியிருக்கும் உறுப்புகளின் பட்டியல் வரும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது செய்த நிறுவனத்தைக் குறிக்கும், இரண்டாவது உறுப்பின் வகையைக் குறிக்கும். இன்டெல் நிறுவனத்தின் எண் 8086. அந்நிறுவனம் 1978-இல் வெளியிட்ட புகழ்பெற்ற செயலியின் எண்ணும் அதுவே. யாரோ ஒரு குறும்புக்காரர் அதைத் தேர்ந்திருக்க வேண்டும்! இந்த எண்களைப் பார்த்துத்தான் கெர்னல் எந்த டிரைவரை அழைப்பது என்று முடிவு செய்கிறது. பட்டியலில் வலை அட்டையே இல்லை என்றால் குறை மென்பொருளில் இல்லை. மின்சாரத்தை நிறுத்தி, இணைப்புக் கம்பியைப் பிடுங்கி, பெட்டியின் உலோகத்தை ஒருமுறை தொட்டுவிட்டு, அட்டையைக் கழற்றி மீண்டும் அழுத்திப் பொருத்துங்கள்.

பட்டியலில் அட்டை இருக்கிறது, டிரைவரின் பெயரும் அருகில் இருக்கிறது, ஆனாலும் அது பேசவில்லை என்றால்? இங்கேதான் கதை சுவையாகிறது. நிர்வாகி உரிமையுடன் 'டி-எம்-இ-எஸ்-ஜி' என்று கேளுங்கள். கணிப்பொறி விழித்தெழுந்த நொடி முதல் கெர்னல் எழுதிவரும் நாட்குறிப்பு அது. நூற்றுக்கணக்கான வரிகள் ஓடும், அஞ்ச வேண்டாம். 'ஃபர்ம்வேர்' என்ற சொல் வரும் வரியைத் தேடுங்கள். அதன் முடிவில் 'பிழை -2' என்று இருக்கிறதா? யூனிக்ஸின் பிழைப் பட்டியலில் 2 என்ற எண்ணுக்கு "அப்படி ஒரு கோப்பு இல்லை" என்று பொருள். அதாவது அட்டை நலமாக இருக்கிறது, டிரைவரும் நலமாக இருக்கிறது. ஒரு கோப்புதான் காணவில்லை!

அது என்ன கோப்பு? அட்டையிலுள்ள சில்லு தானே ஒரு சிறு கணிப்பொறி. அதற்கும் ஒரு நிரல் வேண்டும். அதுவே ஃபர்ம்வேர். பல அட்டைகளில் இந்த நிரல் நிலையாகப் பதிக்கப்படுவதில்லை. ஒவ்வொரு முறை மின்சாரம் வரும்போதும் கெர்னல் அதை வட்டிலிருந்து எடுத்து ஊட்ட வேண்டும். ஊட்டாவிட்டால் சில்லு பிறந்த குழந்தைபோல ஒன்றும் அறியாமல் கிடக்கும்.

கோப்பு ஏன் இல்லாமல் போகிறது? இதற்குப் பின்னால் ஒரு நீண்ட வழக்கு உண்டு. லினக்ஸின் மூல நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம். ஃபர்ம்வேரோ பெரும்பாலும் நிறுவனங்கள் எண்களின் கோவையாக மட்டும் தருவது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று நமக்குத் தெரியாது. பிராட்காம் நிறுவனத்தின் சில்லுகளை எடுத்துக்கொள்ளுங்கள். அவை எவ்வாறு இயங்குகின்றன என்ற விவரம் லினக்ஸ் எழுதுவோருக்குக் கிடைக்கவில்லை. தன்னார்வலர்கள் இரு குழுக்களாகப் பிரிந்தார்கள். ஒரு குழு இருந்த டிரைவரை ஆராய்ந்து சில்லின் நடத்தையை மட்டும் எழுதி வைத்தது. மறுகுழு அந்தக் குறிப்பை மட்டும் படித்துப் புதிய டிரைவர் எழுதியது. நிரலை நகலெடுத்தார்கள் என்ற பழி வராமலிருக்கவே இந்த ஏற்பாடு. அவர்களுடைய உழைப்பு 2006-இல் லினக்ஸ் கெர்னலில் இடம்பெற்றது. 2010-இல் அந்நிறுவனமே தன் புதிய சில்லுகளுக்குத் திறந்த டிரைவரை வெளியிட்டது. ஃபர்ம்வேர் அப்போதும் மூடிய பெட்டிதான். தெபியன் என்ற லினக்ஸ் வகையினர் இத்தகைய மூடிய கோப்புகளைத் தம் அதிகாரபூர்வமான நிறுவல் வட்டில் சேர்க்காமலே இருந்தார்கள். 2022-இல் தமக்குள் வாக்கெடுத்து மனம் மாறினார்கள். 2023-இல் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்து சேர்க்கிறார்கள். கொள்கை பெரிதா, மாணவனின் கணிப்பொறி இயங்குவது பெரிதா? இரு பக்கமும் நியாயம் உண்டு. என்னைக் கேட்டால், மூடிய பெட்டி எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் வலையே கிடைக்காத மாணவனால் அதைத் திறக்கக் கற்றுக்கொள்ளவும் இயலாது.

பழைய நிறுவல் வட்டைப் பயன்படுத்தியவருக்கு இன்றும் இந்தச் சங்கடம் வரும். அதிலும் ஒரு வேடிக்கை: வலைக்குள் நுழைய ஃபர்ம்வேர் வேண்டும், ஃபர்ம்வேரை இறக்க வலை வேண்டும்! வழி இருக்கிறது. கைப்பேசியை யூ.எஸ்.பி. கம்பியால் கணிப்பொறியுடன் இணைத்து, அதன் அமைப்புகளில் இணையப் பகிர்வை இயக்குங்கள். கைப்பேசியைக் கம்பி வலை அட்டையாகவே லினக்ஸ் எடுத்துக்கொள்ளும். உரிய ஃபர்ம்வேர் தொகுப்பை இறக்கி நிறுவி, கணிப்பொறியை அணைத்து மீண்டும் இயக்கினால், சில்லு கண் விழிக்கும்.

இப்போதும் அலை வரவில்லையா? 'ஆர்-எஃப்-கில்' என்று தட்டி, இடைவெளி விட்டு 'லிஸ்ட்' என்று சேருங்கள். வானொலியை அணைத்து வைக்கும் இரண்டு பூட்டுகளின் நிலையை அது சொல்லும். மென்பூட்டு என்றால் 'அன்பிளாக்' என்ற கட்டளையால் திறக்கலாம். வன்பூட்டு என்றால் எங்கோ ஓர் உண்மையான பொத்தான் அணைந்திருக்கிறது. மடிக்கணினிகளில்தான் இது மிகுதி.

எல்லா வலைகளும் தெரிகின்றன, உங்கள் வீட்டு வலை மட்டும் தெரியவில்லை என்றால் அதுவும் ஒரு துப்புதான். 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் இந்தியாவில் 1 முதல் 13 வரை அலைவரிசைகள் உண்டு. அமெரிக்காவில் வழக்கமாகப் பயன்படுபவை 11 மட்டுமே. உங்கள் ரூட்டர் 13-ஆம் வரிசையில் பேசுகிறது, உங்கள் அட்டையோ தான் அமெரிக்காவில் இருப்பதாக எண்ணிக்கொண்டிருக்கிறது என்று வையுங்கள். அந்தப் பக்கம் அது காதைத் திருப்பவே திருப்பாது! ரூட்டரை 1, 6, 11 ஆகிய வரிசைகளில் ஒன்றுக்கு மாற்றிப் பாருங்கள். அல்லது கணிப்பொறியில் நாட்டைச் சரியாகக் குறியுங்கள்.

மீதியுள்ள கண்ணிகள் எளியவை. வலை தெரிந்தும் இணைய மறுத்தால் கடவுச்சொல்லைத் திரும்பத் தட்டுங்கள்; பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு உண்டு. இணைந்தும் பக்கம் திறக்காவிட்டால் 'பிங்' என்ற கட்டளையால் முதலில் ரூட்டரின் முகவரியைத் தட்டிப் பாருங்கள். அது பதில் தந்தால் வெளியுலகிலுள்ள ஓர் எண் முகவரியை, அதன்பின் ஒரு பெயரைத் தட்டுங்கள். எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வராவிட்டால், பெயரை எண்ணாக மாற்றித் தரும் சேவையில்தான் கோளாறு. அட்டையின்மீது குற்றம் இல்லை.

ஒன்று மட்டும் சொல்வேன்: ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும். மூன்றை ஒன்றாக மாற்றி அட்டை பேசத் தொடங்கினால், எதனால் பேசிற்று என்று உங்களுக்கே தெரியாது. அடுத்த முறை மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

இவ்வளவும் செய்தபின் அட்டையைக் கழற்றி நண்பரின் கணிப்பொறியில் பொருத்திப் பாருங்கள். அங்கேயும் உறுப்புப் பட்டியலில் அது தலைகாட்டவில்லை என்றால், பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னது சரிதான், புதியது வாங்கலாம். ஆனால் கடையில் பெட்டியின்மேல் உள்ள பெயரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். ஒரே பெயரில், ஒரே படத்துடன், பதிப்பு எண் மட்டும் மாறி, உள்ளே வேறு சில்லு வைத்து விற்பதும் உண்டு. சில்லின் பெயரைக் கேட்டு, உங்கள் லினக்ஸ் அதை அறியுமா என்று பார்த்துவிட்டுக் காசை நீட்டுங்கள்.