அண்ணாமலை உச்சியில் ஒரு பி.எஸ்.ஐ.

திருவண்ணாமலை ஊரிலிருந்து மலை உச்சிக்கு ஏறுகிறவர் மீது அழுத்தும் காற்று, போய்ச் சேர்வதற்குள் ஏறத்தாழ ஒரு பி.எஸ்.ஐ. குறைந்துவிடும். ஊர் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 170 மீட்டர், உச்சி சுமார் 814 மீட்டர். நடுவிலுள்ள 640 மீட்டர் காற்றின் எடைதான் அந்த ஒரு பி.எஸ்.ஐ. வானிலைக்காரர் இதையே சுமார் 70 ஹெக்டோபாஸ்கல் என்பார். பி.பி. பார்க்கும் டாக்டருக்கு அது 50 மில்லிமீட்டருக்குச் சற்று மேற்பட்ட பாதரசம். தீபத்துக்காகக் கொப்பரை ஏறும் அந்த உச்சியில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

மலையேறினால் காற்றழுத்தம் குறையும் என்பதை 1648 செப்டம்பரில் பிரான்சில் அளந்தே காட்டினார்கள். யோசனை பிளேஸ் பாஸ்கலுடையது, ஏறியது அவருடைய அக்காள் கணவர் ஃபுளோரின் பெரியே. பியூய் த டோம் மலையடிவாரத்தில் ஒரு பாதரசக் குழாயை வைத்து, அதைக் கவனிக்க ஆள் நிறுத்திவிட்டு, இன்னொரு குழாயோடு உச்சிக்குப் போனார். மேலே பாதரசம் 8 சென்டிமீட்டருக்கு மேல் இறங்கியிருந்தது. கீழே இருந்ததோ அசையவில்லை. மைத்துனர் பேச்சைக் கேட்டு மலையேறியதற்குப் பலன் இருந்தது. ஆனால் 1971-இல் அலகுக்குப் பெயராகி நிலைத்தவர் பாஸ்கல்தான்.

அந்த பாஸ்கல் மிகச் சிறிய அலகு. ஒரு சதுர அங்குலத்தில் ஒரு பவுண்டு எடை அழுத்தினால் ஒரு பி.எஸ்.ஐ. அதுவே 6,895 பாஸ்கல். அதனால்தான் கிலோபாஸ்கல், ஹெக்டோபாஸ்கல் என்று ஆயிரமாகவும் நூறாகவும் கட்டிப் புழங்குகிறார்கள். 100 கிலோபாஸ்கல் ஒரு 'பார்', அதாவது 14.5 பி.எஸ்.ஐ. சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ என்றால் 14.2. கடல் மட்டக் காற்றழுத்தம் 14.7. மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால் பஞ்சர் கடையில் எதை எதற்குப் பதிலாகச் சொன்னாலும் வண்டி ஓடிவிடும். ஆய்வகத்தில் அப்படி விட முடியாது.

இந்தியாவில் மெட்ரிக் அளவைச் சட்டம் 1956-இல் வந்தது, 1958 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. சேரும் மணங்கும் போய்விட்டன. பெட்ரோல் பங்க்கில் காற்று மட்டும் இன்னும் பவுண்டிலும் அங்குலத்திலும்தான். 'முன்னாடி 25, பின்னாடி 30' என்று முழு எண்ணாகச் சொல்வது வாய்க்கு எளிது, 1.7, 2.1 என்று புள்ளி வைத்துச் சொல்ல யாருக்குப் பொறுமை?

சிக்கல் டிஜிட்டல் காற்று மிஷினில் வருகிறது. முந்தைய ஆள் அலகை மாற்றி வைத்துவிட்டுப் போயிருந்தால் திரையில் 2.2 என்றோ 220 என்றோ இருக்கும். 2.2 'பார்' என்றால் அதை 15-ஆல் பெருக்க 33, அதிலிருந்து 2.2-இல் பாதியான 1.1-ஐக் கழிக்க 31.9 பி.எஸ்.ஐ. கணக்கு பிசகாது. 220 கிலோபாஸ்கல் என்றால் 7-ஆல் வகுத்தால் போதும், 31-க்கு மேல் வரும், அரை பி.எஸ்.ஐ.தான் குறையும்.

டயர் மீட்டர் காட்டுவது மொத்த அழுத்தத்தை அல்ல, வெளிக்காற்றைவிட உள்ளே எவ்வளவு கூடுதல் என்பதைத்தான். தட்டையான டயரில் அது பூஜ்யம் காட்டும்போதும் உள்ளே 14 பி.எஸ்.ஐ.க்கு மேல் காற்று இருக்கத்தான் செய்கிறது. பி.பி. 120 என்பதும் இப்படித்தான். அது ஏறத்தாழ 2.3 பி.எஸ்.ஐ. கூடுதல். சமையலறைக் குக்கரில் விசில் வரும்போது உள்ளே ஏறக்குறைய ஒரு கிலோ, அதாவது 14 பி.எஸ்.ஐ. கூடுதல். அதனால்தான் தண்ணீர் 120 டிகிரி வரை சூடேறிப் பருப்பு சீக்கிரம் வேகிறது.

பௌர்ணமிக்குச் சென்னையிலிருந்து திண்டிவனம், செஞ்சி வழியாகக் காரில் வருகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஐந்தாறு டிகிரி சூடு ஏறினால் டயரில் சுமார் ஒரு பி.எஸ்.ஐ. கூடும். வெயிலில் ஓடிவந்த டயர் 3, 4 பி.எஸ்.ஐ. அதிகமாகக் காட்டுவது இயல்பு. ஓட்டுநர் கதவோரம் ஒட்டியுள்ள சீட்டிலிருப்பது ஆறிய டயருக்கான எண். கிரிவலப் பாதைக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தியதுமே அந்த 'அதிகக் காற்றை' இறக்கிவிட்டால், சுற்றி முடித்து விடியற்காலையில் ஊர் திரும்பும்போது நான்கு டயரும் தொய்ந்திருக்கும்.