பாசிக்கு நடுவே ஒரு ஜன்னல்

இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில், டிவர்ட்டன் ஊரில், இன்னமும் ஒரு குதிரை படகு இழுக்கிறது. கிராண்ட் வெஸ்டர்ன் கால்வாய் என்று பெயர். சுண்ணாம்புக்கல் ஏற்றிவருவதற்காக வெட்டி, 1814இல் திறந்தார்கள். சரக்குப் போக்குவரத்து எப்போதோ நின்றுபோயிற்று. மிச்சமிருக்கும் 11 மைல் நீர் இன்று நடை போகிறவர்களுக்கும் வாத்துகளுக்கும் தூண்டில்காரர்களுக்கும்தான். குதிரைக்கு ப்ரொப்பல்லர் கிடையாது. விஷயமே அதில்தான் இருக்கிறது. மோட்டார் படகு ஓயாமல் ஓடும் கால்வாயில் அடிச்சேறு கிளம்பிக்கொண்டே இருக்கும். கலங்கிய நீரில் வெயில் இறங்காது, வெயில் இறங்காத இடத்தில் பாசி தழைக்காது. படகோட்டம் குறைந்த கால்வாயில் கதை நேர்மாறு. ஜூன் பிறந்துவிட்டால் தண்ணீர் தெரியாது, பச்சைதான் தெரியும். தூண்டிலோடு முதல்முறை வந்து நிற்பவர், எங்கே போடுவது என்று தெரியாமல் விழிப்பார்.

அங்கே பிடிக்கிற மீன்களை 'கோர்ஸ்' மீன் என்கிறார்கள். சால்மனும் ட்ரௌட்டும் கனவான்களின் மீன். ரோச், ப்ரீம், டென்ச், பெர்ச், பைக் எல்லாம் முரட்டு மீன். அந்தக் காலத்துப் பந்தி வித்தியாசம் பெயரில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்த மீன்களைப் பெரும்பாலும் யாரும் சமைப்பதில்லை. பிடித்து, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, திரும்ப நீரிலேயே விட்டுவிடுகிறார்கள். குழம்பு வைக்காத மீனுக்கு ஏன் இவ்வளவு பாடு என்று நம்மவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பாசி மண்டிய கால்வாயில் தூண்டில் போட இடம் தயார்செய்வதைப் பார்த்தால், அது மீன் பிடிப்பதைவிட வயல் வேலைக்குத்தான் நெருக்கம்.

பாசியை எதிரியாக நினைத்து இந்த வேலையில் இறங்கக் கூடாது. (நீருக்குள் வளரும் செடி எல்லாவற்றையும் இங்கே பாசி என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.) மீன் அங்கே இருப்பதே பாசியால்தான். நத்தையும் புழுவும் பூச்சிக் குஞ்சுகளும் அதில்தான் வாழ்கின்றன. மீன் முட்டையிடுவது அதில். பைக்கிடமிருந்து சின்ன மீன் ஒளிவதும் அதற்குள். பத்தடிக்குப் பத்தடி மொட்டையடித்துவிட்டு அதன் நடுவில் தூண்டில் போடுகிறவர், வீட்டை இடித்துவிட்டு வாசலில் விருந்தாளிக்குக் காத்திருக்கிறார். வெட்ட வேண்டியது ஒரு ஜன்னல்தான். சுவர் நிற்க வேண்டும்.

வேலைக்கு முன் சில தாள்கள் வேண்டும். இங்கிலாந்தில் 13 வயது நிறைந்த எவரும் தூண்டில் உரிமம் இல்லாமல் மீன் பிடிக்க முடியாது. 16 வயதுவரை அந்த உரிமம் இலவசம். அதோடு, அந்தக் கால்வாய்ப் பகுதியின் மீன்பிடி உரிமை எந்தச் சங்கத்திடம் இருக்கிறதோ அதன் அனுமதிச் சீட்டும் வேண்டும். பாசி அகற்ற அனுமதி இவை இரண்டிலும் அடங்காது, தனியாகக் கேட்க வேண்டும். வேல்ஸ் எல்லையை ஒட்டி ஓடும் மான்ட்கமரி கால்வாயில் மிதக்கும் நீர்ச்செடி ஒன்று இருக்கிறது. லூரோனியம் என்பது தாவரவியல் பெயர். அது அபூர்வம் என்பதால் சட்டம் அதைக் காக்கிறது. அங்கே போய் பாசி வாரும் வாரியை வீசினால் குற்றம். களைக்கொல்லியோ, அதிகாரிகளின் ஒப்புதல் இல்லாமல் எந்த நீரிலும் கூடாது.

காலமும் முக்கியம். ஆறுகளில் மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை கோர்ஸ் மீன்பிடிப்புக்குத் தடை உண்டு. இந்த ஓய்வுக் காலம் 1878இல் சட்டமானது. 2000இல் பெரும்பாலான கால்வாய்களுக்கு அதை நீக்கிவிட்டார்கள். இயற்கைப் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்த சில கால்வாய்களில் மட்டும் நீடிக்கிறது. சட்டம் விட்டாலும், வசந்தத்தில் பாசியில் கை வைக்காமல் இருப்பதே முறை. ரோச்சும் ப்ரீமும் அதில் முட்டையிட்டிருக்கும். நாணல் ஓரத்தில் நீர்க்கோழி அடைகாக்கும். கூட்டைக் கலைப்பது 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும்கூட. ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை வாரியை எடுக்கலாம். அப்போதும் டென்ச் முட்டையிடுவதைக் கண்டால் ஒரு வாரம் தள்ளிப்போடுவது நல்லது.

இனி, எந்தப் பாசி? இது தெரியாமல் கை வைத்தால் வேலை இரட்டிப்பாகும்.

நூல்பாசி பஞ்சுபோல் திரண்டு வரும், எளிதில் வாரலாம். இரண்டே வாரத்தில் திரும்பவும் வந்துவிடும். கனடா நீர்ப்பாசிக்கு ஒரு சரித்திரமே இருக்கிறது. வட அமெரிக்கச் செடியான அது 1842இல் ஸ்காட்லாந்தின் டன்ஸ் ஊரிலும், 1847இல் லெஸ்டர்ஷயரில் ஃபாக்ஸ்டன் ஊர்க் கால்வாய் நீர்த்தேக்கத்திலும் கண்ணில் பட்டது. பிறகு சில ஆண்டுகளில் நாட்டின் கால்வாய்களை அடைத்துக்கொண்டது. பிரிட்டனில் இருப்பவை பெரும்பாலும் பெண் செடிகளே. விதையே இல்லாமல், ஒடிந்த துண்டிலிருந்துதான் இவ்வளவு பரவல். எனவே இதை வாரும்போது மிதக்கும் துண்டுகளைக் கைவலையால் அள்ளிக் கரையேற்றாவிட்டால், நம் கையாலேயே நடவு செய்தவர்கள் ஆவோம்.

மஞ்சள் அல்லி வேறு ரகம். அதன் கிழங்கு மனிதக் கை பருமனில் சேற்றுக்குள் படுத்திருக்கும். பிடுங்கப் பார்ப்பது வீண், தேவையும் இல்லை. இலையின் நிழலில்தான் டென்ச் படுத்திருக்கும். நான்கைந்து இலைக் காம்புகளை அறுத்து ஓரத்தில் இடம் பண்ணினால் போதும். மேற்பரப்பில் மிதக்கும் குட்டிக் குட்டி இலைக் கம்பளத்தோடு சண்டை போடாதீர்கள், காற்று திசை மாறினால் அதுவே எதிர்க்கரைக்குப் போய்விடும். தொடவே கூடாதது மிதக்கும் பென்னிவொர்ட். வல்லாரை இலைபோல வட்டமாக, பார்க்க அழகாக இருக்கும். நாளைக்கு 20 செ.மீ. வரை படரக்கூடியது. நம் ஊர் ஏரிகளில் ஆகாயத்தாமரை செய்வதை அங்கே இது செய்கிறது. 2014 முதல் விற்கவே தடை. கண்டால் கால்வாய் நிர்வாகத்துக்குச் சொல்லிவிட்டு, வேறு இடம் பார்க்க வேண்டும்.

இடத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு விடியற்காலையை ஒதுக்குங்கள், தூண்டில் வேண்டாம். கால்வாயின் குறுக்குவெட்டு ஒரு தட்டையான சட்டிபோல இருக்கும்: இரு ஓரத்திலும் ஆழமில்லாத திட்டு, நடுவே படகு போகும் பள்ளம். பள்ளத்தில் பெரும்பாலும் நாலைந்து அடி ஆழம்தான். ஓரத் திட்டு சரிந்து பள்ளத்தில் இறங்கும் அந்தச் சரிவுதான் மீன் நடமாடும் தெரு. மரநிழல் விழும் இடத்திலும் பாலத்துக்குப் பக்கத்திலும் பாசி இயல்பாகவே மெலிந்திருக்கும். ஏற்கெனவே பாதி திறந்திருக்கும் ஜன்னலைப் பெரிதாக்குவது புதிதாக வெட்டுவதைவிட லேசு. குண்டூசித் தலை அளவுக் குமிழிகள் நுரைநுரையாக எழும்பினால், கீழே டென்ச் சேற்றைக் கிளறிக்கொண்டிருக்கிறது. தலைக்கு மேலேயும் பாருங்கள். கார்பன் கழியில் மின்சாரம் பாயும். மின்கம்பி போகும் இடத்திலிருந்து 30 மீட்டராவது தள்ளித்தான் உட்கார வேண்டும்.

கருவி எளியது. இரும்புப் பல் வைத்த தோட்டத்து வாரியின் தலை இரண்டை முதுகோடு முதுகு சேர்த்துக் கட்டி, நீளமான கயிற்றில் பிணைத்தால் தீர்ந்தது. கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கப் பாதாளக்கரண்டி போட்டவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்: வீசு, மூழ்க விடு, நிதானமாக இழு. கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். பாசி திடீரென்று அறுந்தால் பின்பக்கம் விழுவீர்கள், சிக்கினால் முன்பக்கம். கயிற்று நுனியில் ஒரு கட்டையைக் கட்டி, அதைப் பிடித்து இழுப்பதே பத்திரம்.

பல் ஆழமாகப் பதியவும் கூடாது. இந்தக் கால்வாய்கள் பலவற்றின் அடியில் பிசைந்து மிதித்த களிமண் பூச்சு இருக்கிறது. தண்ணீர் கசியாமல் நிற்பது அதனால்தான். ஏரிக்கரைக்கு நடுவே களிமண் சுவர் வைக்கும் அதே அறிவு. கடப்பாரையால் குத்தி வேர் எடுக்கிறேன் என்று கிளம்பினால், பாசியோடு கால்வாயும் போய்விடும்.

ஜன்னலின் வடிவம் பூட்டின் சாவித்துவாரம்போல இருக்கட்டும். சரிவின் அடியில் இரண்டு மீட்டர் அகல வட்டம். அங்கிருந்து உங்கள் காலடிவரை ஒரு மீட்டர் சந்து. புதியவர்கள் வட்டத்தை வெட்டிவிட்டுச் சந்தை மறந்துவிடுவார்கள். தூண்டிலில் மாட்டிய டென்ச் செய்யும் முதல் காரியம் பாசிக்குள் தலையை நுழைப்பது. இழுத்துவர வழி இல்லை என்றால் நரம்பு அறும், முள்ளோடு மீன் போகும். அது மீனுக்குச் செய்யும் கெடுதல்.

வெயில் உறைக்கும், காற்றே இல்லாத நாளில் இந்த வேலையை எடுக்காதீர்கள். பகலில் ஆக்சிஜன் கொடுக்கும் செடிகள் இரவில் அதை எடுத்துக்கொள்கின்றன, விடியும் நேரத்தில் நீரில் அது மிகக் குறைவு. அந்த நேரம் பார்த்து அடியில் கறுத்துக் கிடக்கும் சேற்றையும் கிளறிவிட்டால் அது இருப்பதையும் உறிஞ்சிவிடும்; காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும். குளிர்ந்த, காற்றடிக்கும் நாளில் அளவாகக் கிளறினால் பலன் நேரெதிர். சேற்றுக்குள் இருந்த சிவப்புப் புழுக்கள் வெளியே வரும், அந்தக் கலங்கலைத் தேடி டென்ச் வரும். வாரிய இடத்தில் ஒரு மணி நேரத்துக்குள் குமிழி கிளம்புவதும் உண்டு.

வாரிய பாசியைத் தண்ணீர் ஓரத்திலேயே சில மணி நேரம் விட்டுவையுங்கள். உள்ளே சிக்கிய நத்தையும் தும்பிக் குஞ்சும் தாமாக ஊர்ந்து நீருக்குத் திரும்பிவிடும். பிறகு நடைபாதையில் இல்லாமல் தள்ளிக் குவிக்கலாம். நீரிலேயே அழுக விட்டால் அதுவும் ஆக்சிஜனைத் தின்னும். வாரியையும் கைவலையையும் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகுதான் அடுத்த நீருக்குக் கொண்டுபோக வேண்டும். கையில் வெட்டுக்காயம் இருந்தால் மூடிக்கொள்ளுங்கள், வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கால்வாயில் எலிகள் உண்டு, எலிக்காய்ச்சலும் உண்டு.

அடுத்து இரை பழக்குவது. மூன்று நான்கு நாள், தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில். ரொட்டித்தூளை ஈரமாகப் பிசைந்து எலுமிச்சையளவு உருண்டை நான்கு, கூடவே ஒரு கைப்பிடி மக்காச்சோளம். ஹெம்ப் விதையும் போடுவார்கள். கஞ்சாச் செடி வகையின் விதைதான், பயப்பட ஒன்றுமில்லை. பிளந்து வெள்ளை முளை தெரியும்வரை வேகவைத்தே போட வேண்டும். தாராளம் காட்டினால் கெட்டது. மீன் தின்னாமல் விட்டது அடியில் புளித்து நாறும், அந்த இடத்தை மீன் ஒதுக்கிவிடும்.

தூண்டில் போடும் நாளில் ஆழத்தை எடை கட்டி அளந்து, இரை தரையில் படுகிற மாதிரி தக்கையைப் பொருத்துங்கள். டென்ச்சுக்கு 'லிஃப்ட்' என்றொரு முறை இருக்கிறது. 1950களில் ஏல்ஸ்பரி ஊரின் டெய்லர் குடும்பத்தார் அதைப் பிரபலமாக்கினார்கள். தக்கை மயிலிறகுக் காம்பு. முள்ளுக்கு மிக அருகில் ஒரே ஒரு எடைக்குண்டு, அதுவும் தரையில் கிடக்கும். டென்ச் தலைகீழாக நின்று இரையை எடுத்து நிமிரும்போது குண்டும் கூடவே எழும். பாரம் விட்டுப்போன தக்கை மூழ்காது. மேலே எழும்பி, தண்ணீரில் சாய்ந்து படுக்கும். தக்கை அமிழ்ந்தால்தான் இழுக்க வேண்டும் என்று பழகிய நம் கைக்கு இது முதலில் பிடிபடாது.

மாட்டியதும் சந்து வழியாக, அவசரப்படாமல், ஆனால் பிடி தளராமல் கொண்டுவாருங்கள். கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள். டென்ச்சின் உடம்பு வழுவழுவென்று பசையாக இருக்கும். அந்தப் பசை மற்ற மீன்களின் காயத்தை ஆற்றும் என்று ஐசக் வால்டன் 1653இலேயே எழுதிவைத்தார். மருத்துவம் பொய்யாக இருக்கலாம். ஆனால் அந்தப் பசை மீனுக்கு அவசியம், உலர்ந்த கையால் துடைத்துவிடக் கூடாது. முள்ளைக் கழற்றி, அதே ஜன்னல் வழியாக உள்ளே விடுங்கள்.

பத்துப் பதினைந்து நாளில் ஓரங்கள் மூட ஆரம்பிக்கும். இரண்டு வீச்சு வீசினால் மறுபடி திறந்துவிடும். செப்டம்பர் கடைசியில் அல்லி இலைகள் மஞ்சளாகி அமிழும். அக்டோபரில் பாசி தானே படுத்துவிடும், வாரிக்கு வேலை இருக்காது. டென்ச்சும் அதற்குள் சேற்றை ஒட்டி அடங்கியிருக்கும். அப்போது அந்தத் திறந்த நீரில் சுற்றுவது பைக்.