நாள்பட்ட இருமலும் நோய்க் குறியீடும்

டெல்லிக் குளிரில் வீட்டுப் பெரியவர்கள் இருமினால், "பனிச்சளிதான், மாசி போனா சரியாயிடும்" என்று கஷாயம் வைத்துக் கொடுத்துவிடுகிறோம். அடுத்த மார்கழியில் அதே இருமல் திரும்பும்போது, போன வருஷமும் இருந்ததை டாக்டரிடம் சொல்ல மறந்துவிடுகிறோம். ஆனால் நோயைக் கண்டறிவதே அந்தக் கணக்கை வைத்துத்தான்.

ஆண்டுக்கு 3 மாதமாவது, பெரும்பாலான நாட்களில், சளியோடு கூடிய இருமல். தொடர்ந்து 2 ஆண்டுகளாவது அப்படி இருக்க வேண்டும். வேறு நோய் அதற்குக் காரணமாக இருக்கக் கூடாது. இதையே 'க்ரானிக் பிராங்கைடிஸ்', அதாவது நாள்பட்ட மூச்சுக்குழல் அழற்சி என்கிறார்கள். பீடி, சிகரெட், விறகடுப்புப் புகை, தூசி ஆகியவை முக்கியக் காரணங்கள். நம் நாட்டில் 2 வாரத்துக்கு மேல் இருமினாலே காசநோய்க்குச் சளிப் பரிசோதனை அவசியம். எக்ஸ்-ரே பெரும்பாலும் வேறு நோய் இல்லை என்று காட்டவே உதவும். மூச்சுக்குழல் அடைபட்டிருக்கிறதா என்பதை ஸ்பைரோமெட்ரி காட்டும். மூச்சுக்குழலை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகும், ஊதும் மொத்தக் காற்றில் முதல் விநாடியில் வெளிவருவது 70 சதவீதத்துக்குக் குறைந்தால் அடைப்பு உண்டு.

இனி கோப்புக்கு வருவோம். மெடிக்கல் கோடிங் செய்பவர் நோயாளியைப் பார்ப்பதில்லை. டாக்டர் எழுதியதை மட்டுமே பார்ப்பார். ஊகிக்க அவருக்கு உரிமை இல்லை. ஐ.சி.டி.-10 பட்டியலில், திடீரென வந்த அழற்சி என்று எழுதினால் ஜே 20. வெறுமனே 'பிராங்கைடிஸ்' என்றால் ஜே 40. 'நாள்பட்ட' என்ற சொல் சேர்ந்தால் ஜே 42. சளி வெறும் கோழையா, சீழ் கலந்ததா என்றும் குறித்திருந்தால் ஜே 41. அடைப்பும் உறுதியானால் ஜே 44. ஒரே மனிதர், ஒரே இருமல். எழுதிய சொல்லைப் பொறுத்துக் குறியீடு மாறிவிடுகிறது.

மாற்றலாகி ஊர் ஊராகப் போகும் நமக்கு இது முக்கியம். மும்பையிலோ திருச்சியிலோ பார்க்கும் புது டாக்டருக்கு அந்தக் கோப்புதான் பழைய கதையைச் சொல்லும். இன்ஷூரன்ஸுக்குப் பயந்து வருஷத்தைக் குறைத்துச் சொல்வாரும் உண்டு. அதனால் சிகிச்சை தடம் மாறும். உண்மை பிறகு தெரிந்தால் பணமும் கிடைக்காமல் போகலாம்.

ஆகவே இருமல் தொடங்கிய மாதம், நீடித்த காலம், சளியின் நிறம், புகைப் பழக்கம் நான்கையும் ஒரு நோட்டில் குறித்துவைத்து டாக்டரிடம் காட்டுங்கள். அவர் 'நாள்பட்ட' என்று எழுதுவதற்கு ஆதாரம் வீட்டில் இருப்பவர்களிடம்தான் இருக்கிறது.