அட்வான்ஸ் கொடுக்கும் முன் செப்டிக் டேங்க்கைத் திறந்து பாருங்கள்

தாம்பரம், சேலையூர், மாடம்பாக்கம், முடிச்சூர் பக்கம் வீடு வாங்கப் போகிறவர்கள் வில்லங்கம் போட்டுப் பார்க்கிறார்கள், மூலப் பத்திரத்தை வக்கீலிடம் காட்டுகிறார்கள், வாஸ்துவும் பார்க்கிறார்கள். வாசலோரம் சிமென்ட் மூடிக்குக் கீழே இருக்கும் செப்டிக் டேங்க்கைப் பற்றி மட்டும் பெரும்பாலும் கேட்பதில்லை. வங்கியிலிருந்து வரும் இன்ஜினியரின் வேலை வீட்டின் மதிப்பைப் பார்ப்பது. மூடியைத் திறப்பது அல்ல. 5 நகராட்சிகளையும் 5 பேரூராட்சிகளையும் சேர்த்து 2021-ல் தாம்பரம் மாநகராட்சி உருவானது. ஆனாலும் பாதாளச் சாக்கடை போய்ச் சேராத தெருக்கள் அங்கே நிறைய. அந்தத் தெருக்களில் வீட்டுக் கழிவு அந்தந்த மனைக்குள்ளேயே இறங்குகிறது. போர் தண்ணீரும் அதே மண்ணிலிருந்துதான் வருகிறது.

30-க்கு 40 மனையில் இடம் ஏது?

செப்டிக் டேங்க் என்றால் அடியில் கான்கிரீட் போட்டு, சுவர் பூசி, கசியாமல் கட்டியிருக்க வேண்டும். பழைய வீடுகள் பலவற்றில் இருப்பதோ வெறும் உறை இறக்கிய குழி; அடியில் மண்தான். "பத்து வருஷமா லாரியே கூப்பிட்டதில்லை சார்" என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால் உஷாராகுங்கள். ஒழுங்கான தொட்டியில் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கசடு எடுக்க வேண்டும். நிரம்பாத தொட்டி பெரும்பாலும் கசிகிற தொட்டி.

இந்திய தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 2470 விதிப்படி, கழிவுநீர் மண்ணில் இறங்கும் இடத்துக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையே 18 மீட்டர், அதாவது 59 அடி வேண்டும். 30-க்கு 40 மனையில் மூலைக்கு மூலை அளந்தாலே 50 அடிதான். எனவே உங்கள் தொட்டியோடு பக்கத்து வீட்டுத் தொட்டி எங்கே இருக்கிறது என்பதையும் பார்த்தாக வேண்டும்.

கேன் தண்ணீர் போதுமா?

குடிக்கக் கேன் வாங்கினாலும் பல் தேய்ப்பதும் காய்கறி கழுவுவதும் பாத்திரம் விளக்குவதும் போர் தண்ணீரில்தான். மலக்கிருமி கலந்தால் வயிற்றுப்போக்கு, டைபாய்டு, மஞ்சள் காமாலை எல்லாம் அந்த வழியில் வரும். காமாலையில் ஹெபடைடிஸ் ஈ வகை கர்ப்பிணிகளின் உயிருக்கே ஆபத்தானது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். கழிவிலிருந்து இறங்கும் நைட்ரேட் போகாது. அந்தத் தண்ணீரில் பால் பவுடர் கலந்து கொடுத்தால் கைக்குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறையும். 2024 டிசம்பரில் பல்லாவரம் பகுதியில் வாந்தி பேதியால் பலர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள், சிலர் இறந்தார்கள். குழாய்த் தண்ணீரில் சாக்கடை கலந்ததாக மக்கள் புகார் சொன்னார்கள்.

எதைப் பார்ப்பது?

முடிந்தால் ஐப்பசி, கார்த்திகை மழையில் வீட்டைப் பாருங்கள். நிலத்தடி நீர் ஏறும்போது கக்கூஸில் தண்ணீர் இறங்காமல் நிற்கிறதா, மூடியோரம் ஊறுகிறதா என்பது அப்போதுதான் தெரியும். 2015-லும் 2023-லும் வெள்ளம் புகுந்த முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் என்றால், தண்ணீர் எந்த மட்டம் வரை வந்தது, சம்ப் மூடி அதற்கு மேலே இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

பிறகு கழிவுநீர் லாரியை வரவழைத்துத் தொட்டியைக் காலி செய்யச் சொல்லுங்கள். தள்ளி நின்று டார்ச் அடித்துப் பார்த்தால் அடியில் சிமென்ட் இருக்கிறதா, மண் இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். காலி செய்த சற்று நேரத்தில் உறை இடுக்கு வழியாக வெளித் தண்ணீர் உள்ளே வந்தால், உள்ளிருப்பதும் அதே வழியில் வெளியே போகிறது என்று அர்த்தம். வென்ட் பைப்பின் வாயில் கொசுவலை இருக்கிறதா பாருங்கள். யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு இந்தத் தொட்டிகளிலும் பெருகுகிறது.

அதே நாளில் போர் தண்ணீரை ஆய்வகத்துக்குக் கொடுங்கள். 100 மில்லியில் ஈ.கோலை ஒன்றுகூட இருக்கக் கூடாது. நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

செலவு

லாரிக்கும் பரிசோதனைக்கும் சில ஆயிரம் ரூபாய் ஆகும். காலி செய்யும் செலவை விற்பவரிடமே கேட்கலாம். பரிசோதனையை உங்கள் செலவிலேயே செய்யுங்கள். அப்போதுதான் முடிவு உங்கள் கைக்கு வரும். தொட்டியைப் புதிதாகக் கட்ட வேண்டுமென்றால் கொத்தனாரிடம் மதிப்பீடு வாங்கி, அந்தத் தொகையை விலையில் கழித்து, அதைக் கிரய ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு பத்திரப் பதிவு முடிந்த பிறகு நிற்காது.

யாரும் உள்ளே இறங்கக் கூடாது

தொட்டிக்குள் தேங்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு ஒருவரை ஓரிரு மூச்சில் சாய்த்துவிடும். தலையை உள்ளே விடாதீர்கள், தீக்குச்சி கிழிக்காதீர்கள். "ஆளை இறக்கிச் சுத்தமா பார்த்துடலாம்" என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். மனிதர் கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013-ம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் ஆளை இறக்குகிறவருக்கு முதல் முறையே 2 ஆண்டு வரை சிறை உண்டு. உரிமம் உள்ள லாரிக்கு 14420 என்ற எண்ணில் கூப்பிடுங்கள்.