முதுமலைக்குப் போகும்போது எந்த லென்ஸ்?

ஊட்டிக்குப் போகிறவர்களில் பலர் இப்போது ஒருநாள் கூடுதலாக ஒதுக்கி முதுமலை தேசியப் பூங்காவையும் பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறார்கள். 2023-ல் ஆஸ்கார் வாங்கிய ‘தி எலிபெண்ட் விஸ்பரர்ஸ்’ படம் அங்குள்ள தெப்பக்காடு யானைகள் முகாமில் எடுத்தது என்பதால், "அங்கேதான் போகணும்" என்று குழந்தைகளும் அடம் பிடிக்கின்றன. வீட்டில் ஒரு நல்ல காமிராவும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். துணிமணிக்கு இடமிருக்கிறதோ இல்லையோ, லென்ஸ்களுக்கு இடம் வேண்டும்! எங்கள் வீட்டில் ஐந்து லென்ஸும் பீரோவிலிருந்து கட்டிலுக்கு வந்துவிடும். பெட்டி அடுக்குவது நான் என்பதால், எது வரும், எது வராது என்று தீர்மானிப்பதும் நானேதான்.

லென்ஸின் வளையத்தில் 18-55, 70-300 என்று எண்கள் போட்டிருக்குமே, அது மில்லிமீட்டர் கணக்கு. எண் சிறியதானால் நிறைய இடம் படத்தில் அடங்கும். பெரியதாக ஆக, தூரத்தில் இருப்பது கிட்டே வரும். அடங்கும் இடம் குறுகும். இதைப் புரிந்துகொள்ள, நூறடி தூரத்தில், அதாவது முப்பது மீட்டரில் ஒரு யானை நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வீடுகளில் வைத்திருக்கும் சாதாரண டிஎஸ்எல்ஆர் காமிராவில் 18-ல் வைத்தால் ஏறக்குறைய 39 மீட்டர் அகலம் படத்துக்குள் வந்துவிடும். யானை பாவம், புளியங்கொட்டை மாதிரி ஒரு மூலையில் தெரியும். 70-ல் வைத்தால் அகலம் 10 மீட்டர். யானை, அதன் குட்டி, பக்கத்து மரம் எல்லாம் அழகாக அமையும். 300-க்குப் போனால் இரண்டேகால் மீட்டர் சொச்சம்தான். தலையும் தும்பிக்கையுமே படம் முழுக்க நிறைந்துவிடும்!

ஆகவே யானை, காட்டெருமை, புள்ளிமான் பார்க்கப் போகிற குடும்பத்துக்கு 70-300 தாராளமாகப் போதும். 55-250 இருந்தாலும் குறையில்லை. அது அரைக் கிலோகூட இராது. "600 வரை போகும் லென்ஸ் வாடகைக்குக் கிடைக்கிறதாம்" என்று என் வீட்டுக்காரர் ஆரம்பித்தார். அதன் எடை சுமார் இரண்டு கிலோ. அதாவது நாலு அரை லிட்டர் பால் பாக்கெட்!

"ஏங்க, அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு குழந்தையை எந்தக் கையால் பிடிப்பீங்க?" என்றேன். பேச்சு அங்கேயே நின்றது.

பறவைகளைத் தேடிப் போகிறவர்கள் கதை வேறு. ஒரு மைனா அதே நூறடியில் இருந்தால் 300-ல்கூடப் படத்தின் பத்தில் ஒரு பங்குதான் நிறையும். அவர்களுக்கு அந்தப் பால் பாக்கெட் எடை நியாயமே.

இரண்டாவது லென்ஸ் எது என்பது உங்கள் போனைப் பொறுத்தது. இப்போதைய போன்கள் மலைக் காட்சியையும் குடும்பப் படத்தையும் நன்றாகவே எடுக்கின்றன. அப்படியானால் 18-55-ஐ வீட்டில் விட்டுவிட்டு, 50 எண் போட்ட சின்ன லென்ஸ் இருந்தால் அதை எடுத்துக்கொள்ளலாம். உள்ளங்கையில் அடங்கிவிடும். அதில் 1.8 என்று இன்னொரு எண் இருக்கும். வெளிச்சம் நுழையும் வாசல் எவ்வளவு பெரிது என்பதற்கான எண் அது. எண் குறைந்தால் வாசல் பெரிது. நீண்ட லென்ஸ்களில் பெரும்பாலும் 5.6 தான். 1.8-ல் நுழையும் வெளிச்சம் அதைவிட ஒன்பது, பத்து மடங்கு அதிகம். தெப்பக்காட்டில் காலையும் மாலையும் யானைகளுக்குக் கேழ்வரகு, கொள்ளுக் கவளம் ஊட்டுவார்கள். மர நிழலில், மங்கல் வெளிச்சத்தில், பக்கத்திலிருந்து பார்க்கும் அந்தக் காட்சிக்கு இதுதான் வாகானது. பூவையும் பூச்சியையும் எடுக்கும் மேக்ரோ லென்ஸ் இந்தப் பயணத்துக்கு வேண்டவே வேண்டாம். வண்டியை விட்டு இறங்கினால்தானே பூச்சி?

சொல்லப்போனால் நீண்ட லென்ஸை நான் வற்புறுத்துவதே இந்த இறங்கும் விஷயத்துக்காகத்தான். காட்டு வழிச் சாலையில் வண்டியை நிறுத்தக் கூடாது, இறங்கக் கூடாது என்று வனத்துறை பலகை வைத்திருக்கிறது. இருந்தும் போனைக் கையில் நீட்டியபடி யானையை நோக்கி நடக்கிறவர்களைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். போனில் யானை சின்னதாகத் தெரிகிறது, அதனால் இன்னும் இரண்டடி, இன்னும் இரண்டடி! குட்டியோடு நிற்கும் தாய் யானைக்கு நாம் படம் எடுக்க வந்தோமா, பிள்ளையைப் பிடிக்க வந்தோமா என்று எப்படித் தெரியும்? பிள்ளை பெற்ற நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா? யானை துரத்தினால் மனிதன் ஓடி ஜெயிக்க முடியாது. 300 லென்ஸ் இருந்தால் வனத்துறை வண்டியில் உட்கார்ந்த இடத்திலேயே அதன் இமை மயிர்வரை எடுத்துவிடலாம்.

வண்டி ஏறும் முன்பே நீண்ட லென்ஸைக் காமிராவில் மாட்டிவிடுங்கள். வெயில் காலத்தில் புழுதி மாவு மாதிரி பறக்கும். வழியில் லென்ஸ் மாற்றினால் தூசி உள்ளே புகுந்து ஒவ்வொரு படத்திலும் கறுப்புப் புள்ளி விழும். லென்ஸ் 300-ல் இருக்கும்போது ஷட்டர் வேகம் நொடியில் ஐந்நூறில் ஒரு பங்காவது இருக்கட்டும். விடியற்காலையில் அதற்கு வெளிச்சம் போதாது. ஐஎஸ்ஓ எண்ணை 1600, 3200 என்று ஏற்றத் தயங்காதீர்கள். படம் கொஞ்சம் பொரிப்பொரியாக வரும், வரட்டுமே! ஆடிப்போன படத்தை ஒன்றும் செய்ய முடியாது. பிளாஷை அணைத்துவிடுங்கள், மிருகங்கள் மிரளும். உண்ணிச்செடிப் புதர் அங்கே ஏராளம். காமிரா தானாகக் குறி பார்த்தால் மானை விட்டுவிட்டு முன்னால் உள்ள இலையைப் பிடித்துக்கொள்ளும். நடுப்புள்ளி ஒன்றை மட்டும் வைத்து மானின் கண்ணைக் குறி பாருங்கள்.

முக்காலி ஸ்டாண்டைச் சுமக்க வேண்டாம், வண்டிக்குள் விரிக்க இடமிராது. பழைய கால்சட்டையின் ஒரு காலை வெட்டி, ஒரு கிலோ மொச்சைக் கொட்டையைத் தளர்வாக நிரப்பித் தைத்துவிடுங்கள். ஜன்னல் விளிம்பில் வைத்து அதன்மேல் லென்ஸைச் சாய்த்தால் கை நடுக்கம் தெரியாது. என்ஜினை அணைத்ததும் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வண்டியின் அதிர்வு படத்தில் ஏறிவிடும். குரங்குகள் உள்ள இடத்தில் மட்டும் மொச்சைப் பையை வெளியே காட்டாதீர்கள்!