பிரேதப் பரிசோதனை மருத்துவர்: நியமனமும் கடமைகளும்

தற்கொலை, கொலை, விபத்து அல்லது ஐயத்துக்கிடமான சூழ்நிலையில் ஒருவர் இறக்க நேரிடின், அதன் காரணத்தை ஆராய்ந்தறிவது அரசின் பொறுப்பாகும். பிரிட்டிஷ் ஆட்சியில், 1871-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், கல்கத்தா, பம்பாய் நகரங்களில் இப்பணியைக் கொரோனர் என்னும் அதிகாரி ஆற்றினார். பம்பாயில் நீடித்து வந்த அப்பதவியும் 1999-இல் ஒழிக்கப்பட்டது.

இப்போது 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 194-ஆவது பிரிவு இதற்கு வழி வகுக்கிறது. காவல் நிலையப் பொறுப்பு அதிகாரி, அவ்வட்டாரப் பிரமுகர்கள் இருவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் முன்னிலையில் விசாரித்து அறிக்கை தயாரிக்கிறார். இறப்பின் காரணத்தில் ஐயம் இருப்பின், உடல் அருகிலுள்ள சிவில் சர்ஜனுக்கோ, மாநில அரசு இதற்கென நியமித்த தகுதி வாய்ந்த மருத்துவருக்கோ அனுப்பப்படுகிறது. திருமணமான ஏழு ஆண்டுகளுக்குள் தற்கொலை செய்துகொள்ளும் பெண்களுக்கும் இவ்விதி பொருந்தும். வரதட்சிணைக் கொடுமையைக் கருத்திற்கொண்டு 1983-இல் சேர்க்கப்பட்ட விதி இது. காவலில் இருக்கும்போது ஒருவர் இறந்தால், மாஜிஸ்திரேட்டின் விசாரணையும் தேவை.

மருத்துவக் கல்லூரி உள்ள நகரங்களில் சட்ட மருத்துவத் துறையினரும், பிற இடங்களில் பொதுவாக அரசு மருத்துவமனை மருத்துவர்களும் இப்பணியைச் செய்கின்றனர். பின்னவர் புறநோயாளிகளைக் கவனித்துக்கொண்டே பிணவறைக்கும் செல்ல வேண்டியுள்ளது.

காவல்துறையின் கோரிக்கைக் கடிதத்தையும் உடலின் அடையாளத்தையும் சரிபார்ப்பது மருத்துவரின் முதற்கடமை. பின்னர் ஒவ்வொரு காயத்தின் இடத்தையும் அளவையும் குறித்துக்கொண்டு, தலை, மார்பு, வயிறு ஆகியவற்றைத் திறந்து பரிசோதிக்கிறார். நஞ்சு என ஐயுற்றால், உள்ளுறுப்புகளை, பெரும்பாலும் செறிந்த உப்புக் கரைசலில் இட்டு, முத்திரையிட்டு, இரசாயனப் பகுப்பாய்வுக்கு அனுப்பச் செய்கிறார். இறப்பின் காரணத்தைக் கூறுவதே அவர் பணி. குற்றவாளி யார் என முடிவு செய்வது நீதிமன்றத்தின் பணி.

நகரங்களில் மட்டுமின்றிச் சிற்றூர்களிலும் பூச்சிமருந்தால் நேரும் மரணங்கள் உண்டு. அது விபத்தா, தற்கொலையா, கொலையா என்பதைப் பொறுத்தே குடும்பத்தின் காப்பீட்டுத் தொகையும், ஒருவரது விடுதலையோ தண்டனையோ அமைகின்றன. வழக்கு விசாரணைக்கு வரச் சில ஆண்டுகள் ஆகலாம். அப்போது உடல் இராது. பிணவறையில் அன்று எழுதிய குறிப்புகளே எஞ்சியிருக்கும். எனவே இம்மருத்துவர்களுக்கு உரிய பயிற்சியும், போதிய உதவியாளரும், வெளிச்சமும் நீர் வசதியும் கொண்ட பிணவறையும் அளிப்பது, நீதி நிர்வாகத்துக்கான செலவாகவே கருதப்பட வேண்டும்.