அன்று அடி வாங்கியவர் இன்று அடிக்கலாமா?

"பாவம்மா அவன். அவங்க அப்பா குடிச்சிட்டு வந்தா பெல்ட்டாலதான் பேசுவாரு. கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சே வளர்ந்த பிள்ளை. அந்தக் கோபம்தான் இப்ப வருது. நீதான் கொஞ்சம் அனுசரிச்சுப் போகணும்."

வீங்கிய கன்னத்தோடு நிற்கும் மருமகளுக்கு மாமியார் சொல்லும் சமாதானம் இது. நம் வீடுகளுக்கு இது புதிதல்ல. இந்தப் பேச்சில் பாதி உண்மை; மறுபாதி ஆபத்தானது. இரண்டையும் பிரித்துப் பார்க்காததால் ஆண்டுக்கணக்கில் அடி வாங்கிக்கொண்டிருக்கும் பெண்கள் உண்டு.

முதலில் உண்மையான பாதியைப் பார்ப்போம். தினமும் அடி வாங்கும் பிள்ளையின் மனம் எந்நேரமும் காவல் காத்துக்கொண்டே இருக்கும். வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதுமே, அப்பா இன்று எந்த நிலையில் வருகிறார் என்று காலடி ஓசையை வைத்துக் கணிக்கப் பழகிவிடும். அந்த வயதில் அதற்குக் கிடைத்த ஒரே கவசம் அது. பிள்ளை வளர்ந்து, மணமுடித்து, சொந்த வீடு வாங்கிய பிறகும் அந்தக் கவசத்தைக் கழற்ற மனம் மறுக்கும். "ஏன் இவ்வளவு நேரம்?" என்று மனைவி கேட்பது விசாரிப்பாகத் தெரியாது, தம்மைச் சிறுமைப்படுத்துவதாகவே தெரியும். வலுத்தவர் கை ஓங்கினால் வீடு அடங்கும் என்பதும் அங்கேயே கற்ற பாடம்தான். 'அடியாத மாடு படியாது' என்று சொல்லிப் பிள்ளைகள் மேல் ரோத்தானை வீசும் பெற்றோர், அந்தப் பழமொழி மாட்டைப் பற்றியது என்பதை ஏனோ மறந்துவிடுகிறார்கள்.

ஆனால், அடி வாங்கியவர் எல்லாரும் அடிப்பவராக மாறுகிறார்களா? அமெரிக்க உளவியல் ஆய்வாளர் கேத்தி விடோம் 1989ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார். சிறுவயதில் கொடுமைக்கோ புறக்கணிப்புக்கோ ஆளானதாக நீதிமன்றப் பதிவில் இருந்த 908 பேரை, அப்படிப் பதிவில்லாத 667 பேருடன் அவர் ஒப்பிட்டார். வன்செயலுக்காகக் கைதானவர்கள் முதல் பிரிவில் சுமார் 11 விழுக்காடு. இரண்டாம் பிரிவில் சுமார் 8 விழுக்காடு. ஆக, பாதிப்பு இருக்கிறது, மறுக்க முடியாது. அதே வேளையில், கொடுமையை அனுபவித்த 100 பேரில் ஏறக்குறைய 89 பேர் அந்தப் பட்டியலில் இல்லை. வீட்டுக்குள் அடிப்பவர் அனைவரும் கைதாவதில்லை என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். ஆனாலும், கடந்த காலம் ஒருவரை இழுத்துக்கொண்டுபோய் அடிக்க வைக்கிறது என்று சொல்ல இந்தக் கணக்கு இடம் தரவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். "கோபம் வந்தா நான் என்ன செய்றேன்னு எனக்கே தெரியாது" என்று சொல்பவர், வேலையிடத்தில் மேலாளர் திட்டும்போது கை ஓங்குவதில்லை. சாலைத் தடுப்பில் போலீஸ்காரர் அதட்டினால் 'துவான்' என்று குழைகிறார். வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திய பிறகே அந்தக் கோபம் கண் திறக்கிறது. ஆள் பார்த்து, இடம் பார்த்து வரும் கோபத்தை, கட்டுக்கு அடங்காத கோபம் என்று எப்படி ஏற்றுக்கொள்வது?

சட்டமும் இதைத்தான் கேட்கிறது. மனநிலை பாதிப்பினால், தாம் செய்வது இன்னதென்றோ அது தவறென்றோ அறிய முடியாதவருக்கு மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 84ஆவது பிரிவு விலக்கு அளிக்கிறது. கசப்பான இளமை மட்டும் அந்த விலக்குக்குள் வராது. ஆயினும், ஒருவர் குற்றவாளியா என்பது ஒரு கேள்வி. அவருக்கு எவ்வளவு தண்டனை என்பது வேறு கேள்வி. கொலைக் குற்றத்திற்குக் கட்டாய மரண தண்டனை இருந்தவரை, இந்த இரண்டாவது கேள்விக்கே இடமில்லாமல் இருந்தது. 2023 ஜூலை 4 முதல் நிலைமை மாறியது. இப்போது மரண தண்டனை அல்லது 30 முதல் 40 ஆண்டுச் சிறை என்பதை நீதிபதி முடிவு செய்யலாம். சிறை என்றால் குறைந்தது 12 பிரம்படியும் உண்டு. பிரம்படியிலேயே வளர்ந்தவருக்கு மறுபடியும் பிரம்படி என்பது ஒரு முரண்தான்.

அமெரிக்காவில் ஒரு நெடுஞ்சாலைக் காவலரைச் சுட்டுக் கொன்ற 16 வயதுச் சிறுவன் எடிங்ஸின் வழக்கு பெயர்பெற்றது. தந்தையின் முரட்டு அடியில் வளர்ந்தவன் அவன். அந்தப் பின்னணியைக் கணக்கில் எடுக்கச் சட்டத்தில் இடமில்லை என்று கூறி விசாரணை நீதிபதி மரண தண்டனை விதித்தார். அதைக் கணக்கில் எடுத்தே ஆகவேண்டும் என்று உச்சநீதிமன்றம் 1982இல் தீர்ப்பளித்தது. ஆனால், அவனை விடுதலை செய்யும்படி அது சொல்லவில்லை.

ஆஸ்திரேலிய உயர்நீதிமன்றம் 2013இல் பக்மி வழக்கில் இன்னும் ஒரு படி மேலே சென்றது. குடியும் வன்முறையும் சூழ வளர்ந்த ஒருவரின் பாதிப்பு, வயது ஏறுவதால் குறைந்துவிடாது. அவர்மீதான பழியை அது குறைக்கலாம் என்றது. உடனேயே அதன் மறுபக்கத்தையும் காட்டியது: அவரால் தம்மை அடக்கிக்கொள்ள முடியவில்லை என்றால், மற்றவர்களை அவரிடமிருந்து பாதுகாக்க வேண்டிய அவசியம் கூடுகிறது.

மாமியாரின் சமாதானம் தவறிய இடம் இதுதான். மகன் கொடுமையில் வளர்ந்தவர் என்பது மெய்யானால், மருமகளுக்குக் கூடுதல் பாதுகாப்பு வேண்டுமே தவிர, கூடுதல் பொறுமை அல்ல. அந்த மாமியாரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. அதே பெல்ட்டை அவரும் பார்த்தவர்தானே! அவர் இளம் மனைவியாக இருந்த நாளில் குடும்ப வன்முறைச் சட்டமே கிடையாது. அது 1994இல் நிறைவேறி, 1996இல்தான் நடைமுறைக்கு வந்தது. அனுசரித்துப் போ என்று அவருக்குச் சொல்லப்பட்டதை அவர் அப்படியே திருப்பிச் சொல்கிறார்.

இன்று வழிகள் உண்டு. அவசரப் பாதுகாப்பு ஆணையைச் சமூக நல இலாகா அதிகாரியே வழங்கலாம். 2017ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் தந்த வசதி இது. போலீஸ் புகார் இருந்தால்தான் என்ற கட்டாயம் இல்லை. அந்த ஆணை 7 நாள் செல்லுபடியாகும். அதற்குள் போலீசில் புகார் செய்து, நீதிமன்றப் பாதுகாப்புக்கு வழி செய்துகொள்ளலாம். நீதிமன்றம் பாதுகாப்பு ஆணை வழங்கும்போது, அடித்தவரை ஆலோசனைக்கோ மறுவாழ்வுப் பயிற்சிக்கோ அனுப்பவும் அதற்கு அதிகாரம் உண்டு. கணவரின் சிறுவயதுக் காயத்தை எடுத்துப் பேச வேண்டிய இடம் அதுதான். அடித்து முடித்த கையோடு, அழுதுகொண்டே மனைவியிடம் சொல்லும்போது அந்தக் கதை அவர் வாயை அடைக்கத்தான் உதவுகிறது. பயிற்சி பெற்ற ஆலோசகரிடம் சொல்லும்போது, எந்தச் சொல் தம்மைத் தூண்டுகிறது, கை ஓங்குவதற்கு முன் உடலில் என்ன நடக்கிறது, எந்த நிமிடத்தில் வீட்டைவிட்டு வெளியே நடக்க வேண்டும் என்பதையெல்லாம் கற்றுக்கொள்ள முடிகிறது. ஆணை வரும்வரை காத்திருக்காமல் தாமாகவே போகும் கணவர்களும் உண்டு.

தாலியான் காசே 15999 என்ற எண் 24 மணி நேரமும் இயங்குகிறது. அடி வாங்குபவர் அழைக்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் அழைக்கலாம். மகனை நினைத்துக் கலங்கும் மாமியாரும் அழைக்கலாம்.